நீண்ட தூரம் நிதானமாக ஓட குஷன் ஷூ வாங்குவது எப்படி: திருநெல்வேலிப் பக்கத்துப் புது ஓட்டக்காரர்களுக்கு

வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்து, நடை மெல்ல ஓட்டமாகி, ஞாயிற்றுக்கிழமை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்ப் பார்க்கலாம் என்கிற இடத்துக்கு வந்துவிட்டீர்களா? அப்படியானால் அடுத்த செலவு ஷூதான். இந்த இடத்தில்தான் பலர் பணத்தையும் கால் நகத்தையும் இழக்கிறார்கள். நான் தேடியபோது கிடைத்த தகவலெல்லாம் குளிர்ந்த ஊர்களுக்கும் வழுவழுப்பான ரோட்டுக்கும் எழுதியவை. நம்மூர் கடைகளில் கேட்ட மாடல் இருந்தால் சைஸ் இல்லை. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியில் ஒரு சைஸ், உள்ளே வேறு சைஸ். அதைத் திருப்பி எடுக்க ஆள் வருவதற்குள் ரிட்டர்ன் தேதியே முடியப் பார்த்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷூவில் முதலில் பார்க்க வேண்டியது அளவு, இரண்டாவது அடி ரப்பர், மெத்துமெத்து என்று இருக்கிறதா என்பது மூன்றாவது. கடையில் கையால் அமுக்கிப் பார்த்து, பஞ்சு மாதிரி இருக்கிறது என்று பில் போடச் சொல்கிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள்.

1. இந்த வகை ஷூ உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

நிதானமான ஓட்டம் என்றால் பக்கத்தில் வருபவரிடம் மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே போகிற வேகம். அந்த வேகத்தில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஓடும்போது ஆயிரக்கணக்கான முறை பாதம் தரையில் இறங்குகிறது. அந்த இறக்கம் ஒவ்வொன்றையும் கொஞ்சம் மெத்தென்று ஆக்குவதுதான் குஷன் ஷூவின் வேலை. குதிகாலுக்குக் கீழே 35 முதல் 40 மி.மீ. வரையோ அதற்கு மேலோ கனம் இருக்கும்.

வாரத்தில் இரண்டு நாள், மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும்தான் ஓடுகிறீர்கள் என்றால் இவ்வளவு செலவு இப்போது வேண்டாம். கையில் இருக்கிற சாதாரண ஓட்ட ஷூ போதும், இரண்டு மாதம் கழித்து யோசியுங்கள். ஒரே மூச்சில் ஏழு எட்டு கிலோமீட்டர் தாண்டுகிறவர்களுக்கும், உடல் எடை சற்றுக் கூடுதலாக இருந்து ஓடி முடித்த மறுநாள் பாதம் வலிக்கிறது என்கிறவர்களுக்கும் இது நல்ல செலவு.

இரண்டு எச்சரிக்கைகள். கார்பன் தகடு வைத்த போட்டி ஷூவைப் பார்த்து மயங்காதீர்கள். அது வேகத்துக்கானது, விலை அதிகம், தேய்வதும் சீக்கிரம், மெதுவாக ஓடும்போது பலருக்குக் கால் ஆடும். அடுத்தது, இதே ஷூவை ஷட்டில் விளையாடவும் ஜிம்முக்கும் சேர்த்து வாங்காதீர்கள். உயரமான மெத்தையில் நின்றுகொண்டு பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் மடங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஷூ என்று கணக்குப் போட்டு கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

2. நீங்கள் ஓடுகிற வழி எது?

இதைக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஏனென்றால் நம் பக்கத்தில் தரை ஊருக்கு ஊர் மாறும்.

பாளையங்கோட்டை, பெருமாள்புரம், கே.டி.சி. நகர் உள்தெருக்கள், திருச்செந்தூர் சாலை, தென்காசி சாலை என்று முழுக்கத் தாரிலும் சிமென்டிலும் ஓடுகிறவர்கள் எந்த உயரமான குஷனும் வாங்கலாம். ஆனால் ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும் பழைய தார் ரோடு அடிப்பகுதியை அரம் போலத் தேய்த்துவிடும். ஷூவைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரத்திலும் முன்பாதத்திலும் தனி ரப்பர் ஒட்டியிருக்க வேண்டும். எடையைக் குறைப்பதற்காக ரப்பரை மிச்சம் பிடித்து, நுரையை அப்படியே தரையில் படும்படி விட்ட மாடல்கள் நிறைய வருகின்றன. அவை நம் ரோட்டில் சீக்கிரம் மொட்டையாகிவிடும்.

வாய்க்கால் கரை, குளக்கரை, சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கத்து வயல்வழி என்று ஓடுகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. சரள் மேல் உயரமான, மென்மையான ஷூ ஆடும். அதைவிட முக்கியம் முள். சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் மெல்லிய ரப்பரை ஊசி மாதிரி துளைக்கும், ரப்பர் இல்லாத நுரையில் நேராக உள்ளே போய்விடும். ஓடும்போது தெரியாமல் இருந்து, நுரை நசுங்க நசுங்க முனை மேலே ஏறி வந்து இன்சோலை, அதாவது பாதத்துக்குக் கீழே கழற்றி மாட்டுகிற உள் அட்டையை, தாண்டிக் காலில் குத்தும். கரைப்பாதைக்காரர்கள் அடிப்பகுதி முழுக்க ரப்பர் போட்ட, அகலமான அடி உள்ள, உயரம் கொஞ்சம் குறைந்த ஷூவைத் தேடுங்கள். ஓடி முடித்ததும் ஷூவைக் கவிழ்த்துத் தடவிப் பார்த்து, ஏறியிருக்கும் முள்ளைக் குறட்டால் பிடுங்கிவிடுவது பழக்கமாக வேண்டும்.

பாதித் தூரம் தார், பாதி மண் என்றால் தாருக்கு ஏற்றதை வாங்கி, மண்ணில் நிதானமாகப் போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் பக்கம் மட்டும் இந்த ஷூவோடு இறங்காதீர்கள். அடியில் அப்பிக்கொள்ளும் மண்ணைக் கழுவித் துடைத்துக் காயவைப்பதற்குள் இரண்டு நாள் ஓட்டம் போய்விடும்.

3. பாதத்தை வீட்டிலேயே அளந்து எழுதி வையுங்கள்

கட்டுரையில் இந்த ஒரு பகுதியை மட்டும் படித்தாலும் போதும், அவ்வளவு முக்கியம் இது.

மாலையில் அளக்க வேண்டும். காலையில் இருக்கிற பாதம் சாயங்காலம் இருப்பதில்லை, லேசாக வீங்கியிருக்கும். நீண்ட ஓட்டத்தில், அதுவும் நம்மூர்ச் சூட்டில், இன்னும் வீங்கும். ஓடும்போது போடப்போகிற சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் ஒரு ஏ4 தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி நில்லுங்கள். உட்கார்ந்துகொண்டு அளக்காதீர்கள். எடை இறங்கும்போதுதான் பாதம் விரியும். வீட்டில் ஒருவரைப் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து நீளமான விரலின் முனையில் கோடு போடச் சொல்லுங்கள். நாமே குனிந்து போட்டால் எடை முன்னால் சாய்ந்து அளவு மாறும். சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம், அவர்கள் அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அப்புறம் பாதத்தின் மிக அகலமான இடத்தில் இரண்டு பக்கமும் புள்ளி வைத்து அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். பெரும்பாலானோருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது. பெரிய காலுக்குத்தான் ஷூ.

வந்த நீளத்தோடு அரை முதல் ஒரு செ.மீ. கூட்டுங்கள். 25.8 செ.மீ. பாதம் என்றால் 26.3 முதல் 26.8 வரை வரும், அதை ஒட்டி 26.5 அல்லது 27 என்று எழுதிய ஷூ உங்களுக்கு. அந்த செ.மீ. எண் ஷூ நாக்கின் உள்பக்கத்தில் இருக்கும். வெறும் யூகே 8 என்று சொல்லி வாங்குவதில்தான் சிக்கல். யூகே 8 என்று எழுதிய அடிடாஸ் 26.5 செ.மீ., அதே யூகே 8 நைக்கியிலும் அசிக்ஸிலும் 27 செ.மீ. அரை செ.மீ. சின்னதுதானே என்று தோன்றும். யூகே கணக்கில் ஒரு முழு சைஸுக்கும் அடுத்த முழு சைஸுக்கும் வித்தியாசமே எட்டரை மி.மீ.தான், அப்படியானால் இது அரை சைஸுக்கு மேல். பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நகம் கறுப்பது இந்த அரை சைஸால்தான். ஆபீஸுக்குப் போடுகிற ஷூ சைஸை இங்கே சொல்லவே சொல்லாதீர்கள்.

அகலம் தனி விஷயம். சின்ன வயதில் வெறுங்காலும் செருப்புமாக வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்திருக்கும். ஆண்களுக்கான ஷூவில் டி என்றால் சாதாரண அகலம், டூ-ஈ என்றால் அகலம், ஃபோர்-ஈ என்றால் மிக அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம். சுண்டுவிரல் பக்கம் இடிக்கிறது என்பதற்காக ஒரு சைஸ் நீளமாக வாங்குவது பெரிய தப்பு. நீளம் கூடினால் ஷூ மடங்குகிற இடம் உங்கள் விரல் மடங்குகிற இடத்தோடு பொருந்தாது, குதிகாலும் நழுவும். அகலம்தான் வேண்டும் என்றால் அகலமாகத்தான் வாங்க வேண்டும். அகல மாடல்கள் நம்மூர் கடைகளில் அபூர்வம், பெரும்பாலும் ஆன்லைன்தான். பெண்களுக்கான சைஸ்களும் இங்கே கடைகளில் குறைவாகவே வைத்திருக்கிறார்கள். முன்பாதம் அகலமான பெண்கள் ஆண்களுக்கான சின்ன சைஸையும் போட்டுப் பார்க்கலாம், தடை ஒன்றுமில்லை.

4. விளம்பரத்தில் வரும் எண்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

ட்ராப் என்று ஒரு எண் வரும். குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது, மி.மீ.யில் சொல்வார்கள். நைக்கி பெகாசஸ் 10, அசிக்ஸ் நிம்பஸின் புதிய பதிப்புகள் 8, ஆல்ட்ரா மாடல்கள் பலவற்றில் பூஜ்யம். ட்ராப் குறையக் குறையக் கெண்டைக்காலுக்கும் குதிநரம்புக்கும் வேலை கூடும், கூடினால் முழங்கால் பக்கம் கொஞ்சம் போகும். புதிதாக ஓடுகிறவர்களுக்கு 8 முதல் 10 வரை பாதுகாப்பான இடம். ஏற்கெனவே ஒரு ஷூவில் வலி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ட்ராப்பைவிட அதிகம் விலகாதீர்கள்.

நுரையின் பெயர் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒன்று. பெயரைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஈவிஏ என்பது வெகு காலமாக இருக்கிற, விலை குறைந்த நுரை. பீபா வகை எடை குறைவு, துள்ளல் அதிகம், விலையும் அதிகம். நிதானமான ஓட்டத்துக்கு நல்ல ஈவிஏயே போதும்.

பாதத்துக்குக் கீழே இவ்வளவு உயரம் இருக்கலாமா என்று ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும். சாலைப் போட்டிகளுக்கு 40 மி.மீ.க்கு மேல் உயரம் கூடாது என்று உலக தடகள அமைப்பு வைத்திருக்கும் வரம்பு முன்னணிப் போட்டியாளர்களின் கவலை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கு அது பொருட்டல்ல.

தட்டைப் பாதம், பாதம் உள்ளே சாய்கிறது என்று சொல்லி, அதற்கென்று கனமான ஸ்டெபிலிட்டி ஷூவை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வலி எதுவும் இல்லையென்றால், போட்டதும் உறுத்தாத சாதாரண ஷூவே சரி. தொடர்ந்து வலி இருக்கிறதென்றால் கடைக்காரரிடம் கேட்கிற கேள்வி அல்ல அது, பிசியோதெரபிஸ்ட்டிடம் போய்க் காட்டுங்கள்.

5. எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்

உத்தேசமாகச் சொல்கிறேன், தள்ளுபடிக்கு ஏற்ப மாறும். 4,000 முதல் 6,000 ரூபாய்க்குள் டெக்கத்லானின் கிப்ரன் வகையறா, பெரிய பிராண்டுகளின் ஆரம்ப மாடல்கள். 7,000 முதல் 10,000க்குள் நல்ல குஷன் மாடல்களின் போன வருடப் பதிப்புகள் தள்ளுபடியில் கிடைக்கும். 12,000 தாண்டினால் அசிக்ஸ் நிம்பஸ், நோவாபிளாஸ்ட், ஹோகா கிளிப்டன், நியூ பேலன்ஸ் 1080, புரூக்ஸ் கோஸ்ட் போன்றவற்றின் புதுப் பதிப்புகள்.

என் கருத்தில் நடுவில் இருப்பதுதான் உத்தமம். இந்த மாடல்கள் ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை எண் மாறி வருகின்றன. புது எண் வந்ததும் பழையதன் விலை இறங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் வேகத்துக்குத் தெரியவே தெரியாது. அவசரம் இல்லையென்றால் தீபாவளியை ஒட்டிய ஆன்லைன் விற்பனை, ஜனவரியிலும் ஜூலையிலும் ஷோரூம்களில் போடும் சீசன் முடிவுத் தள்ளுபடி வரை பொறுங்கள். தள்ளுபடியில் கடைசிவரை மிஞ்சுவது ஓரத்து சைஸ்கள்தான். யூகே 8, 9 போன்ற நடு சைஸ்கள் முதலிலேயே தீர்ந்துவிடும். அளந்து எழுதின தாள் கையில் இருந்தால் முதல் நாளே முடிவெடுக்கலாம்.

கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் தெளிவாகிவிடும். 9,000 ரூபாய் ஷூ 600 கிலோமீட்டர் வந்தால் கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய். 5,000 ரூபாய் ஷூ 400 கிலோமீட்டர் வந்தால் பன்னிரண்டரை. ஆக, பெரிய விலை போட்டால்தான் ஓட முடியும் என்று இல்லை.

சாக்ஸுக்குத் தனியாக 300, 400 ரூபாய் ஒதுக்குங்கள். பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கொப்புளம் வருவது அதனால்தான். நைலான் அல்லது பாலியெஸ்டர் கலந்த ஓட்ட சாக்ஸ் இரண்டு ஜோடி போதும்.

ஷூ பெட்டியில் எம்.ஆர்.பி. ஒட்டியிருக்கும், ஜி.எஸ்.டி. அதில் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். எது எப்படியானாலும் எம்.ஆர்.பி.க்கு மேல் வரி என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

6. கடையில் போட்டுப் பார்க்கும்போது

ஆன்லைனில் வாங்குவது என்று முடிவு செய்திருந்தாலும் ஒருமுறை கடைக்குப் போய் இரண்டு மூன்று பிராண்டுகளைப் போட்டுப் பாருங்கள். வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை பக்கத்து ஷோரூம்களில் அலமாரி நிறைய ஷூ இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் பேண்டுக்கு மேட்சாகப் போடுகிற வகை. நேராகப் போய் நிற்காமல் முதலில் போன் செய்து, "அண்ணாச்சி, ஓடுறதுக்கான ரன்னிங் ஷூ, 27 சென்டிமீட்டர், ஸ்டாக் இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நீங்கள் தேடும் மாடலின் முழுப் பெயரையும் எண்ணையும் சொல்ல வேண்டும். மதுரைக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் அங்கே பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளிலும் பார்த்துவிட்டு வரலாம், சைஸ் அங்கே கூடுதலாகக் கிடைக்கும்.

சாயங்காலம் போங்கள், உங்கள் சாக்ஸை எடுத்துப் போங்கள். இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன் மேல் ஏறி நில்லுங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். அப்புறம் போட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து, கீழிருந்து மேலாக லேஸைச் சரிசெய்து கட்டி, எழுந்து நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். விரல்களை உள்ளே விரித்து ஆட்ட முடிய வேண்டும். குதிகால் மேலே எழும்பக் கூடாது. ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நின்றால் ஷூ ஒரு பக்கம் சரிகிறதா என்பது தெரிந்துவிடும். கடைக்குள்ளேயே குறைந்தது பத்து நிமிடம் நடந்து, முடிந்தால் நாலு எட்டு ஓடியும் பாருங்கள். கூச்சப்படாதீர்கள், கொடுக்கப்போவது நம் பணம்.

குதிகால் மட்டும் லேசாக நழுவி மற்றதெல்லாம் சரியாக இருந்தால் ஷூவை ஒதுக்க வேண்டாம். மேலே கணுக்கால் பக்கம் கூடுதலாக ஒரு ஓட்டை இருக்கும். அதில் லேஸை வெளியிலிருந்து உள்ளே நுழைத்து ஒரு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பிடித்துக்கொள்ளும்.

"ரெண்டு வாரம் போட்டா லூஸாயிரும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது தோல் செருப்புக்குப் பொருந்தும். இப்போதைய வலைத்துணி அவ்வளவு விட்டுக்கொடுக்காது. இன்று இடித்தால் நாளையும் இடிக்கும். கூடவே 800, 1,000 ரூபாய் ஜெல் இன்சோலை எடுத்து வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதைப் போட்டால் ஷூவின் உள் இடம் குறைந்து, சரியாக இருந்த அளவும் கெடும்.

7. ஆன்லைனில் வாங்கினால்: பில், பெட்டி, வீடியோ

ஆர்டர் போடும் முன் மூன்று விஷயம். உங்கள் பின்கோடை அடித்து, வீட்டுக்கு வந்து திருப்பி எடுக்கும் வசதி அந்த இடத்துக்கு உண்டா என்று பாருங்கள். 627002க்கு இருப்பது அம்பாசமுத்திரத்தைத் தாண்டியுள்ள ஒரு கிராமத்துக்கு இல்லாமல் இருக்கலாம். கிராமத்தில் இருப்பவர்கள் பாளையங்கோட்டையிலோ ஜங்ஷன் பக்கமோ இருக்கும் சொந்தக்காரர் முகவரிக்கு வரவழைப்பது நல்லது. இரண்டாவது, ரிட்டர்ன் என்று போட்டிருப்பது பணம் திரும்பவா, அல்லது சைஸ் மாற்றித் தருவது மட்டுமா, எத்தனை நாளுக்குள். ஒரு வாரம், பத்து நாள், இரண்டு வாரம் என்று இடத்துக்கு இடம் மாறும். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மூன்றாவது, விற்பவர் பெயர். பெரிய தளத்திலேயே இருந்தாலும் விற்பது பிராண்டா, பிராண்டின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா, அல்லது ஏதோ ஒரு பெயரா என்று பாருங்கள். 14,000 ரூபாய் ஷூ 2,999க்கு வருகிறதென்றால் அது ஃபர்ஸ்ட் காப்பி. பார்வைக்கு அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருப்பது வெறும் கட்டி நுரை. ஒரு மாத ஓட்டத்தில் அமுங்கிப்போகும்.

பார்சல் வந்ததும் பிரிப்பதற்கு முன் போனில் வீடியோ போட்டுவிடுங்கள். கவரின் மேல் உள்ள ஸ்டிக்கர் முதல், பெட்டியில் எழுதியிருப்பது, இரண்டு ஷூவின் நாக்கு லேபிள் வரை ஒரே வீடியோவாக, நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். பெட்டியில் உள்ள மாடல் குறியீடும் சைஸும் இரண்டு ஷூவின் லேபிளோடும் ஒத்துப்போக வேண்டும். இடது ஒரு சைஸ், வலது ஒரு சைஸ் என்று வருவதும் நடக்கிறது. எனக்குச் சைஸ் மாறி வந்தபோது வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் முதலில் கேட்டதே வீடியோ இருக்கிறதா என்றுதான். இருந்ததால்தான் பேச்சு அங்கே முடிந்தது.

பெட்டி மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருடமும் இருக்கும். இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்த சரக்கு என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். போடாமல் பெட்டியிலேயே இருந்தாலும் பசைக்கு வயதாகும். குடோன் சூட்டில் கிடந்தது என்றால் இன்னும் சீக்கிரம்.

திருப்பிக் கொடுக்கும் உரிமை கையில் இருக்கும்வரை ஷூவைத் தெருவில் போடாதீர்கள். டேக்கைக் கழற்றாமல், துடைத்த தரையிலோ மொசைக் தரை மேல் விரித்த பாயிலோ சாயங்காலம் அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே நடங்கள். இடிக்கிற இடம் அதிலேயே தெரியும். அடியில் ஒரு துளி செம்மண் ஒட்டியிருந்தாலும், பயன்படுத்திய பொருள் என்று மறுத்துவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாம் நாளே ரிட்டர்ன் போடுங்கள். எடுக்க வருபவர் தள்ளிப் போடப் போட நாள் ஓடும். அவர் வந்து எடுத்துப்போகும்போது ரசீது எண்ணையோ குறுஞ்செய்தியையோ வாங்கிக்கொள்ளாமல் அனுப்பாதீர்கள்.

பில்லை டவுன்லோடு செய்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். கடையில் வாங்கினால் ஜி.எஸ்.டி. எண் போட்ட பில் கேட்டு வாங்கி அன்றே போட்டோ எடுங்கள், அந்தத் தாளில் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும். ரப்பர் கழன்று வருவது, தையல் விடுவது போன்ற தயாரிப்புக் குறைகளுக்குப் பிராண்டுகள் சில மாதம் பொறுப்பேற்கின்றன. ஆனால் பில் இல்லாமல் யாரும் பேச மாட்டார்கள். பெட்டியை ரிட்டர்ன் தேதி முடியும்வரையாவது பத்திரமாக வையுங்கள்.

குறையுள்ள, போலியான, விளம்பரத்தில் சொன்னதுபோல் இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. விற்றவர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஷூவுக்காக யார் அங்கே போவார்கள் என்று நினைக்காதீர்கள். 1915-க்குப் புகார் போனதும் நகர்கிற கோப்புகள் உண்டு.

8. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால்

நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அங்கே விலை குறைவாகவும் அகல மாடல்கள் அதிகமாகவும் கிடைப்பது உண்மைதான். ஆனால் மச்சானிடம் "எட்டு சைஸ்" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். அங்கே பெட்டியில் முதலில் தெரிவது யூஎஸ் அல்லது ஐரோப்பிய எண்ணாக இருக்கும். செ.மீ. எண், அகலக் குறியீடு, மாடல் எண் மூன்றையும் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பி, நாக்கு லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகு வாங்கச் சொல்லுங்கள். வந்தபின் மாற்ற முடியாது, இங்குள்ள ஷோரூமும் பொறுப்பேற்காது என்பதை நினைவில் வையுங்கள். ஏற்கெனவே போட்டு ஓடிப் பழகிய மாடலாக இருந்தால் மட்டும் இந்த வழி.

9. முதல் மூன்று வாரம்

புது ஷூவோடு ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் போகக் கூடாது. முதலில் மூன்று, நான்கு கிலோமீட்டர், பழைய ஷூவோடு மாற்றி மாற்றி. இரண்டாம் வாரம் ஆறு, ஏழு. மூன்றாம் வாரம் நீண்ட ஓட்டம். கெண்டைக்கால் பிடித்தால் ட்ராப் மாறியதால் இருக்கும், தூரத்தைக் குறைத்து ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மரத்துப்போனால் முதலில் லேஸைத் தளர்த்திப் பாருங்கள்.

ரோட்டின் நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் இருக்கும். எப்போதும் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக விழும், உயரமான ஷூவில் அந்தச் சாய்வு இன்னும் தெரியும். வண்டி குறைந்த தெருவாகப் பார்த்து, போகும்போது ஒரு ஓரமும் வரும்போது மறு ஓரமுமாக மாற்றிக்கொள்ளுங்கள்.

10. நம்மூர் வெயிலுக்கும் மழைக்கும்

ஓடிவிட்டு ஷூவை பைக் பெட்டிக்குள்ளோ நிறுத்திய காருக்குள்ளோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். சித்திரை வெயிலில் உள்ளே ஏறுகிற சூடு பசையையும் நுரையையும் சேர்த்துக் கெடுக்கும். மொட்டைமாடியில் வெயிலில் காயப்போடுவதும் அதே கேடுதான். நனைந்தால் இன்சோலைத் தனியாக எடுத்து, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அதை மாற்றி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வாஷிங் மெஷினில் போடவே கூடாது. பழைய பல்துலக்கியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போதும்.

ஆனி, ஆடிக் காற்றில் புழுதி வலைத்துணி வழியாக உள்ளே போய் இன்சோலுக்கு அடியில் சேரும். வாரம் ஒருமுறை எடுத்துத் தட்டுங்கள். தென்காசி, பாபநாசம் பக்கம் சாரலில் ஓடுகிறவர்கள் ஈர சிமென்டில் பிடிமானத்தைப் பார்த்து வாங்குங்கள். கடை வாசலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மிதித்துப் பார்க்கவா என்று கேட்டால், பணம் கொடுக்கும் முன் எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள்தான், இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

11. எப்போது மாற்றுவது

பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை. எடை கூடுதலானவர்களுக்கும் ஜல்லி ரோட்டுக்காரர்களுக்கும் கீழ்க்கணக்கு. முதல் நாள் தேதியை இன்சோலுக்கு அடியில் பேனாவால் எழுதி வையுங்கள், ஓட்டச் செயலியிலும் ஷூவைப் பதிந்துகொண்டால் கிலோமீட்டர் தானே கூடும். மேலே புதிதாகத் தெரிகிறது என்பதை நம்ப வேண்டாம். மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் நுரை போய்விட்டது. பக்கவாட்டு நுரையில் நிரந்தரமான சுருக்கம் விழுவது, ரப்பர் தேய்ந்து அடியில் நுரை தெரிவது, எப்போதும் ஓடுகிற தூரத்துக்கே மறுநாள் முழங்காலோ பாதமோ வலிப்பது, இதில் எது வந்தாலும் அடுத்த ஜோடியைத் தேடலாம். 400 கிலோமீட்டர் தாண்டியதுமே விலையைக் கவனிக்க ஆரம்பித்தால் தள்ளுபடி வரும்வரை பொறுக்க நேரம் கிடைக்கும். அதே மாடலே வாங்கினாலும் பதிப்பு எண் மாறியிருந்தால் அளவை மறுபடி போட்டுப் பாருங்கள். ஓட்டத்திலிருந்து ஓய்ந்த ஜோடியை நடைக்கு இன்னும் சில மாதம் வைத்துக்கொள்ளலாம்.